பத்து அஞ்சுக்கு ஒரு சிவப்புக் கோடு

பின்னால வெயிலடிக்குதுங்களா? இங்க உக்காருங்க, பையை நான் மடியில வெச்சுக்கறனுங்க. கீழ வெக்க முடியாதுங்க, உள்ளார பிரஷர் மெஷின் இருக்குது. அதுக்கு அடியில ரெஜிஸ்டர். பஸ்ஸு எப்பக் கெளம்பும்னு கேக்கறீங்களா? அந்த லாரியைப் பாருங்க. கரும்பு லோடு. வளைவுல ஒடிச்சுத் திருப்பத் தெரியாமக் குறுக்க நிறுத்தீட்டான். பாதிக் கரும்பை எறக்குனாத்தான் நவுரும். ஒரு மணி நேரம்னு கண்டக்டர் சொல்றாரு. அவரு ஒரு மணின்னா நாம ஒண்ணரைன்னு வெச்சுக்கோணும்.

நீங்க செக்போஸ்ட் வரைக்குமுங்களா? நானும் அங்கதான். அதுக்கு மேல பஸ்ஸு போகாது. அங்கிருந்து தொட்டிமூலைக்கு ஆறு கிலோமீட்டர் நடக்கோணும். பத்து மணிக்குப் பயிற்சி. ஆரம்பிக்க வேண்டியவன் நானு. இப்ப மணி எட்டே முக்கால். எங்க போயிச் சேர்றது?

எம் பேரு நாச்சிமுத்துங்க. சமநலம் அறக்கட்டளைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லீங்களா? சரி, வுடுங்க. வசதி இருக்கறவனுக்குக் கெடைக்கற வைத்தியம் இல்லாதவனுக்கும் கெடைக்கோணும், அதுதான் எங்க சோலி. சுகாதாரச் சமத்துவம்னு சொல்லுவோம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பொம்பளையைத் தன்னார்வலராப் புடிச்சு, அவங்களுக்குப் பயிற்சி குடுத்து, பிரஷர் மெஷின், எடை பாக்கற தராசு, சர்க்கரை பாக்கற கருவி எல்லாம் ஒரு பெட்டியில போட்டுக் கையில குடுப்போம். நான் அதுல பயிற்சி ஒருங்கிணைப்பாளர். பதினோரு வருசம். இப்ப அப்பிடிச் சொல்லிக்கலாமான்னு தெரியலை. மண்டபத்துப் பயிற்சியை வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாங்க. எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை இந்த மலை.

தண்டனைன்னு பேப்பர்ல எழுதலீங்க. "களப் பொறுப்பு"ன்னு எழுதியிருக்காங்க. எங்க ஆபீஸ்ல தண்டனைக்கு நெம்ப நல்ல நல்ல பேரு வெச்சிருக்காங்க.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. எப்பிடியும் லாரி நவுரப் போறதில்ல.

என் பயிற்சி எப்பிடின்னா, அஞ்சு நாள். கீழ டவுன்ல ஒரு கல்யாண மண்டபம். காலையில பத்து மணிக்கு ரெஜிஸ்டர் மேசை மேல இருக்கும். பத்து அஞ்சுக்கு நான் கடைசிக் கையெழுத்துக்குக் கீழ சிவப்புப் பேனாவுல ஒரு கோடு போட்டுருவேன். ஸ்கேல் வெச்சுத்தான் போடுவேன், கையில போட்டாக் கோணிக்கும். கோட்டுக்குக் கீழ கையெழுத்துப் போட்டா அரை நாள் லீவு. அஞ்சு நாளும் முழுசா வந்தவங்களுக்குத்தான் பெட்டி. இது என் சொந்த ரூல்ஸ் இல்லீங்க, கையேட்டுலயே இருக்குது. சிவப்புக் கோடு மட்டும் என்னுது. பாத்துட்டு மத்த ஒன்றியத்துலயும் போட ஆரம்பிச்சாங்க.

எதுக்கு இவ்வளவு கறார்னா, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கோணும். ஒருத்தருக்குச் சலுகை குடுத்தா அப்பறம் சமத்துவம் எங்க இருக்குது?

போன வருசம் ஆடி மாசப் பயிற்சிக்கு இருபத்தஞ்சு பேரு. இருபத்தி நாலு பேரு அடிவாரத்து ஊர்க்காரங்க. ஒருத்தங்க தொட்டிமூலை. சிக்கமாதின்னு பேரு. நாப்பது, நாப்பத்தி ரெண்டு வயசு இருக்கும். மலைக்காரங்க. பேசுனா மெதுவாத்தான் பேசும், சில சமயம் பேசவே பேசாது. அந்தம்மா மொத நாள் பதினொண்ணு இருபதுக்கு வருது. வந்து கோட்டைப் பாத்துட்டு, கோட்டுக்குக் கீழ கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்துக்குச்சு.

ஏம்மா லேட்டுன்னேன். பஸ்ஸு அப்பத்தான் வந்துதுன்னுச்சு.

"பஸ் லேட்டுங்கறது ஒரு காரணமாம்மா? முந்தின பஸ்ல வரோணும்."

"இதுதானுங்க சார் மொத பஸ்ஸு."

பதில் சொல்றதுக்கு மட்டும் நேரத்துக்கு வந்துருச்சு பாருங்க. ரெண்டாம் நாளும் பதினொண்ணு இருபது. மூணாம் நாளும். அஞ்சு நாளும் அதே பதினொண்ணு இருபது. ஒரு நிமிசம் முன்ன பின்ன இல்லீங்க. அவ்வளவு கரெக்டா வர்றவங்களுக்குப் பத்து மணிக்கு வர என்னங்க கஷ்டம்?

இதுல என் நஷ்டம் என்னன்னு யாரும் பேச மாட்டேங்கறாங்க. காலை வகுப்புத்தான் சமத்துவ வகுப்பு. அதுக்குன்னு ஒரு விளையாட்டு வெச்சிருக்கேன். எல்லாரும் மண்டபத்துப் பின் செவுத்துல முதுகை ஒட்டி வரிசையா நிக்கோணும். நான் மேடையில இருந்து ஒவ்வொண்ணாப் படிப்பேன். "உங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வருமா? வரும்னா ஒரு அடி முன்னால வாங்க." "உங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல நர்ஸைப் பாக்கலாமா? ஒரு அடி முன்னால வாங்க." இப்பிடி முப்பது கேள்வி. கடைசியில பாத்தா சிலரு மேடைகிட்ட நிப்பாங்க, சிலரு பின்னாலயே நிப்பாங்க. அப்ப முன்னால இருக்கறவங்களைத் திரும்பிப் பாக்கச் சொல்லுவேன். "பாருங்க, பின்னால விட்டுட்டு வந்தது யாரு?"ன்னு கேப்பேன். சில பேரு கண்ணு கலங்கிருவாங்க. பதினோரு வருசத்துல அந்த இடத்துல கை தட்டாத கூட்டம் இல்லீங்க.

அந்த ஆடி மாசம் என்னாச்சுன்னா, இருபத்தி நாலு பேரும் அடிவாரம். எல்லா ஊருக்கும் ரோடு இருக்குது, பஸ்ஸு இருக்குது. ஒண்ணு ரெண்டு தவுத்து எல்லாக் கேள்விக்கும் சரக் சரக்குன்னு முன்னால வந்து மொத்தப் பேரும் மேடையில முட்டிக்கிட்டு நிக்கறாங்க. திரும்பிப் பாருங்கன்னேன். திரும்பிப் பாத்தாங்க. பின்னால செவுரு இருக்குது. மைக் செட்டுக்காரன் டீ குடிச்சுட்டு நிக்கறான். "யாரும் இல்லீங்களே சார்"னு ஒருத்தங்க சொல்லீட்டாங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? எல்லாம் அந்தம்மா பத்து மணிக்கு வராததால.

மத்தியான வகுப்புல குறை சொல்ல மாட்டேன். மத்தியானம் கையால செய்யற வேலை. பிரஷர் மெஷினோட பட்டையைக் கையில சுத்தறது, நம்பரைப் படிக்கறது, நோட்டுல எழுதறது. சிக்கமாதி மொத தடவையே சரியாச் சுத்துச்சு. மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்துச்சு. மூணாம் நாள் மத்தியானம் கர்ப்பிணிகளுக்கு வர்ற பிரஷரைப் பத்திச் சொன்னேன். கால் வீக்கம், தலைவலி, கண்ணு மங்கறது, இது மூணும் இருந்தா ஒரு நிமிசம் தாமதிக்கப்படாது, உடனே பிரஷர் பாத்து எங்க ஆபீஸ் ஜீப்புக்குச் சொல்லோணும்னேன். அந்தம்மா எழுதத் தெரியாத ஆளு இல்ல, ஆனா எழுதலை. மூணையும் வாயில சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

அஞ்சாம் நாள் சாயங்காலம் ஆபீஸ்ல வெச்சு இருபத்தி நாலு பெட்டி குடுத்தாச்சு. இருபத்தஞ்சாவது பெட்டியில நானே "தொட்டிமூலை"ன்னு சீட்டு ஒட்டியிருந்தேன். அதைத் திருப்பி பீரோவுல வெச்சுப் பூட்டுனேன். அந்தம்மா பாத்துக்கிட்டே நின்னுச்சு. எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்லீங்க. வுட்டுப்போன காலை வகுப்பை அடுத்த பயிற்சியில முடிச்சுட்டு வாங்கிக்க அம்மணின்னேன். சரிங்க சார்னுட்டுப் போயிருச்சு. வேற யாரா இருந்தாலும் சண்டை போட்டிருப்பாங்க. அந்தம்மா போடலை. அதையும் நான் ரிப்போர்ட்டுல நல்ல விதமாத்தான் எழுதுனேன்.

அக்கட்ட பாருங்க, கரும்பை எறக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டே ஆளு. வெளங்குனாப்பலதான்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு திங்கக்கெழமை. பதினொண்ணு இருபதுக்கு ஆபீஸ் வாசல்ல சிக்கமாதி நிக்குது. பயிற்சி எதுவும் இல்லாத நாள். ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான். டிரைவர் ஜீப்பைக் கழுவீட்டு இருந்தாரு.

ஊர்ல ஒரு புள்ளைக்கு எட்டு மாசம், காலெல்லாம் வீங்கிக் கெடக்குது, ரெண்டு நாளாத் தலைவலி, காலையில இருந்து கண்ணு மங்குதுங்கறா, நடக்க முடியலைன்னு சொல்லுச்சு. நான் சொல்லிக் குடுத்த மூணையும் வரிசை மாறாமச் சொல்லுச்சுங்க. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஒரு மாசமாகியும் மறக்கலை பாருங்க. அதைச் சொல்லிப் பாராட்டுனேன்.

"ஜீப் அனுப்புங்க சார்."

"பிரஷர் எவ்வளவும்மா? நம்பர் இல்லாம ஜீப் எடுக்க ரூல்ஸ் இல்ல."

"அது தெரியத்தான் சார் மெஷின் கேக்கறேன்."

"மெஷின் வேணும்னா வருகை முழுசா இருக்கோணும்."

அந்தம்மா ஜீப்பைப் பாத்துச்சு. அப்பறம் பீரோவைப் பாத்துச்சு. அந்த மூஞ்சியைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கலீங்க. வேற அதிகாரியா இருந்தா அடுத்த பயிற்சிக்கு வான்னு தொரத்தியிருப்பான். நான் அப்பிடிச் செய்யலை. வுட்டுப்போன காலை வகுப்பை இப்பவே உனக்கு மட்டும் எடுத்தர்றேன், முடிச்சுட்டு மெஷினை வாங்கிக்கிட்டுப் போன்னு சொன்னேன். ஒரே ஒரு ஆளுக்காக ஆபீஸ் மாடியில பயிற்சி அறையைத் தொறந்தேன். புரொஜெக்டர் போட்டேன். ஃபேன் போட்டேன். எந்த ஊர்ல நடக்குமுங்க இது?

எவ்வளவு நேரமாகும் சார்னுச்சு. பன்னண்டு மணிக்கு மலைக்குப் போற பஸ்ஸு இருக்குதுன்னுச்சு. சுருக்கா முடிச்சுரலாம்னேன். சுருக்காத்தான் முடிச்சேன். அஞ்சு நாள் காலை வகுப்பு அது. அதை மூணு மணி நேரத்துல முடிச்சேன். வேற யாராலயும் முடியாதுங்க.

பன்னண்டு மணிக்கு பஸ்ஸு ஆரன் அடிச்சுட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. அந்தம்மா ஜன்னலைப் பாத்துச்சு. அடுத்த பஸ்ஸு நாலரைக்கு இருக்குதும்மா, கவனி இங்கன்னேன்.

பொறவு விளையாட்டு. ஒரு ஆளை வெச்சு விளையாட முடியாதுதான், ஆனா கையேட்டுல கட்டாயம்னு போட்டிருக்கு. பின் செவுத்துல போயி நில்லும்மான்னேன். நின்னுச்சு. நான் முன்னால நின்னு படிச்சேன். உங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வருமா? நவுரலை. உங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல நர்ஸைப் பாக்கலாமா? நவுரலை. உங்க ஊர்ல இருந்து போன் பேச முடியுமா? நவுரலை. ஊர்ல பிரசவம் பாக்க வசதி இருக்குதா? அப்பிடியே நிக்குது. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. விளையாட்டு புரியலையாட்டம் இருக்குதுன்னு மறுபடி மொத இருந்து வெளக்கினேன். "இருக்குதுன்னா ஒரு அடி முன்னால வரோணும்மா, வெக்கப்படாம வா"ன்னேன். புரியுதுங்க சார்னுச்சு. மறுபடி முப்பது கேள்வியும் படிச்சேன். ஒரு அடி கூட எடுத்து வெக்கலீங்க.

இருபத்தேழாவது கேள்வி எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. "உங்க ஊர்ல பிரஷர் பாக்கற மெஷின் இருக்கா?" அந்தம்மா என்னைப் பாக்கலை. மேசை மேல பெட்டி இருந்துச்சு, குடுக்கறதுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். அதைப் பாத்துச்சு. கவனம் செதறுதுன்னு நெனச்சு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

ஆதாரத்துக்குப் போட்டோ எடுக்கோணும், தேதி, நேரம் எல்லாம் அதுலயே விழுகும். செவுத்தோட ஒட்டி நின்னா நல்லா இருக்காதுன்னு, போட்டோவுக்காக ஒரே ஒரு அடி முன்னால வாம்மான்னேன். "எதுக்கு சார்? எதுவும் இல்லீங்களே"ன்னுச்சு. சரின்னு அப்பிடியே எடுத்தேன். மணி ஒண்ணு பத்து. "பயிற்சியில் ஆர்வத்துடன் பங்கேற்கும் தன்னார்வலர்"னு அடியில எழுதுனேன்.

நடுவுல ஒரு தடவை "சார், அந்தப் புள்ளைக்குத் தலைவலி"ன்னுச்சு. பாடத்தைப் பத்தின சந்தேகமெல்லாம் கடைசியில கேக்கலாம்னேன்.

ரெண்டரைக்கு முடிச்சேன். ரெஜிஸ்டர்ல அஞ்சு நாள் காலைக் கட்டத்துலயும் கையெழுத்து வாங்குனேன். பெட்டியைக் குடுத்தேன். மெஷினைப் போட்டுப் பாத்து, பேட்டரி இருக்குதான்னு சரி பாத்துத்தான் குடுத்தேன். சாப்பிட்டயாம்மான்னும் கேட்டேன். அந்தம்மா பெட்டியை மார்போட அணைச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுச்சு. நாலரைக்குத்தான் பஸ்ஸு, எதுக்கு ஓடுதுன்னு நெனச்சேன்.

மலையில நாலு மணிக்கே அந்தப் புள்ளைக்கு வலிப்பு வந்திருக்குது. கம்புல கம்பளியைத் தொட்டிலாட்டக் கட்டி, ஆம்பளைங்க நாலு பேரு மாத்தி மாத்தித் தூக்கீட்டு எறங்கியிருக்காங்க. சிக்கமாதி செக்போஸ்ட்ல பஸ்ஸை வுட்டு எறங்குது, எதிர்ல தொட்டில் வருது. அங்கயே தரையில வெச்சு பட்டையைச் சுத்திப் பாத்திருக்குது. நூத்தித் தொண்ணூறுக்கு நூத்தி முப்பது. செக்போஸ்ட் போன்ல இருந்து எங்க ஆபீஸுக்கு நம்பரைச் சொல்லுச்சு. நம்பர் வந்ததும் ஒரு நிமிசம் தாமதிக்கலீங்க, ஜீப்பை அனுப்பிச்சுட்டேன். அதை யாரும் எழுதலை பாருங்க.

புள்ளை பொழச்சுக்கிச்சு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்துச்சு. வயித்துல இருந்தது பொழைக்கலை. ஆம்பளப் பையன்.

அந்த நோட்டை அப்பறம் நான் பாத்தேன். பெட்டியோட குடுத்த நோட்டு. மொதப் பக்கத்துல மொத வரி. பேரு கெம்பம்மா, வயசு இருவது, மாசம் எட்டு, 190, 130. எல்லாம் சரியான கட்டத்துல எழுதியிருந்துச்சு. மேல எழுத வேண்டிய நம்பரைக் கீழ மாத்தி எழுதறவங்கதான் அதிகம். அந்தம்மா மாத்தலை. மண்ணுல உக்காந்து எழுதியிருக்குது, ஒரு எழுத்து கோணலை.

தலைமை ஆபீஸ்ல இருந்து அருள்மேரின்னு ஒரு மேடம் விசாரிக்க வந்தாங்க. கண்ணாடி போட்டவங்க, அதட்டிப் பேச மாட்டாங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. மறைக்க என்னங்க இருக்குது? ரெஜிஸ்டரை நானே எடுத்துக் குடுத்தேன். போட்டோவையும் நானே குடுத்தேன். மேடம் அந்தப் போட்டோவை நெம்ப நேரம் பாத்தாங்க. ஒண்ணு பத்துக்கு இந்தம்மா எதுக்குச் செவுத்துல ஒட்டி நிக்கறாங்கன்னு கேட்டாங்க. விளையாட்டை வெளக்கினேன். கேள்வி முப்பதையும் வாங்கிப் படிச்சாங்க. இதை நீங்கதான் எழுதுனீங்களான்னு கேட்டாங்க. நான்தானுங்க மேடம்னேன், பாராட்டுவாங்கன்னு நெனச்சுட்டு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் மாட்டிக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

சிக்கமாதியையும் கூப்புட்டு உக்கார வெச்சிருந்தாங்க. கெம்பம்மா உங்களுக்கு என்ன வேணும்னு மேடம் கேட்டாங்க. "மகளுங்க"ன்னுச்சு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சுங்க. "ஊர்ல ஒரு புள்ளை"ன்னுதான எங்கிட்டச் சொல்லுச்சு? ஒரு வார்த்தை மகள்னு சொல்லியிருந்தா நான் அப்பவே பீரோவைத் தொறந்திருப்பேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. "ஏம்மா, உன் மகள்னு அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"ன்னு மேடம் முன்னாலயே கேட்டுட்டேன்.

அந்தம்மா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. கோவமெல்லாம் இல்ல.

"மகள்னா ஒண்ணு, ஊர்ப்புள்ளைன்னா ஒண்ணுங்களா சார்? எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க."

சொன்னேன்தான். சிலைடுல மொத வரியே அதுதான். அன்னைக்குக் காலை வகுப்புல சொன்னது எல்லாத்தையும் அந்தம்மா கேட்டிருக்குது. கவனம் செதறுதுன்னு நான்தான் தப்பா நெனச்சுட்டேன்.

அப்பறம் ஆர்டர் வந்துச்சு. மண்டபத்துப் பயிற்சி எனக்கு இல்ல. இனி மாசத்துல மொத செவ்வாய்க்கெழமை தொட்டிமூலையிலயே பத்து மணிக்குப் பயிற்சி, ரெஜிஸ்டர் அங்கத்த தன்னார்வலர் பொறுப்பு. அதாவது சிக்கமாதி பொறுப்பு. பதினோரு வருசம் நான் ரெஜிஸ்டர் வெச்சிருந்தவன், இப்பப் புது ரெஜிஸ்டரைச் சொமந்துட்டுப் போயி அந்தம்மாகிட்டக் குடுக்கோணும். பழசுல கடைசி ஒரு பக்கந்தான் மீதி, இன்னைக்குக் கொண்டு போறது ரெண்டாவது. கூட ஒரு மெஷின். அது ஆபீஸ் குடுத்தது இல்லீங்க. நானே எழுதிக் கேட்டேன். ஒண்ணு ரிப்பேர் ஆனா இன்னொண்ணு இருக்கட்டும்னு. அப்பிடி ஒரு ஊருக்கு ரெண்டு குடுக்க ரூல்ஸ் இல்லைன்னாங்க. மூணு தடவை எழுதுனேன், குடுத்துட்டாங்க.

மொத மாசம் போனதைச் சொல்றேன். இதே ஏழு மணி பஸ்ஸுதான். இதுக்கு முந்தி பஸ்ஸு இல்லீங்க, விசாரிச்சுப் பாத்துட்டேன். செக்போஸ்ட்ல எறங்குறப்ப ஒம்பது. ஆறு கிலோமீட்டர்னு பேருதான், எல்லாம் ஏத்தம். எனக்கு மூச்சு வாங்குது. பாறை பாறையா உக்காந்து உக்காந்து போயிச் சேர்றப்ப பதினொண்ணு இருபது.

ஆமாங்க. பதினொண்ணு இருபதேதான். நான் வேணும்னு வரலை, வாட்சைப் பாத்தேன், அதுதான் காட்டுச்சு.

ஒரு புங்க மரத்தடி. இருபத்தி மூணு பேரு உக்காந்திருக்காங்க. பாதிப் பேருக்குப் பிரஷர் பாத்து முடிச்சாச்சு. நான் இல்லாமயே ஆரம்பிச்சுட்டாங்க. முன்னாலயே குடுத்தனுப்பியிருந்த ரெஜிஸ்டரை வாங்கிப் பாத்தேன், எங்க கோடு போட்டிருக்குதுன்னு பாக்கத்தான். கோடே இல்லீங்க. ரெண்டாவது வரியில இருந்து கையெழுத்தும் கைநாட்டுமா இருக்குது. மொத வரி மட்டும் வெறுமையா இருந்துச்சு.

இதை எதுக்கும்மா வுட்டு வெச்சிருக்கேன்னேன்.

"அது உங்களுக்குங்க சார். பஸ்ஸு அப்பத்தான வரும்."

நான் பேனாவை எடுத்தேன். நேரம் எழுதற கட்டம் இருக்குது. எதைப் போடறதுன்னு தெரியலை. பத்துன்னு போட்டுக்கங்க சார்னுச்சு. நான் போடலீங்க. பதினொண்ணு இருபதுன்னுதான் போட்டேன். என் சர்வீஸ்ல பொய்க் கையெழுத்துக் கெடையாது. ஆனா மொத வரியில பதினொண்ணு இருபது, ரெண்டாவது வரியில பத்து. எந்த ஆடிட்டும் ஒத்துக்காது.

அப்ப ஒரு புள்ளை வந்து, சட்டைக் கையைச் சுருட்டுங்கன்னு சொல்லுச்சு. மெலிஞ்ச புள்ளை. கெம்பம்மான்னு நானா புரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு முன்னால பாத்ததில்லீங்க. அந்தப் புள்ளையோட அம்மா சொல்லிக் குடுத்திருக்கும் போல இருக்குது, பட்டையைச் சரியா முழங்கைக்கு மேல ரெண்டு வெரக்கடை வுட்டுச் சுத்துச்சு. நான் அண்ணாந்து மரத்தைப் பாத்துக்கிட்டேன். மெஷின் சத்தம் போட்டு நின்னுச்சு. நூத்தி எழுவத்தெட்டு, நூத்திப் பத்துன்னு படிச்சுச்சு.

சிக்கமாதி நோட்டுல எழுதிக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்துச்சு.

"ஜீப்புக்குச் சொல்லி அனுப்பட்டுங்களா சார்? நம்பர் இருக்குதே."

கிண்டல் பண்ணுதான்னு பாத்தேன். பண்ணியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன். கிண்டல் இல்லீங்க. நெசமாவே கேக்குது. செக்போஸ்ட்டுக்கு ஓடிப் போன் பண்ண ஒரு பையனை எழுப்பி நிறுத்தியிருக்குது. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. பிரஷர் அதிகமானா அப்பிடி வரும்னு டாக்டர் அப்பறம் சொல்லலை, நானாத்தான் சொல்லிக்கறேன். அந்தக் கெம்பம்மா பட்டையை அவுத்துச் சுருட்டி, உறையில போட்டுட்டு, எனக்கு ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து வெச்சுட்டுப் போச்சு.

அதுல இருந்து மாத்திரை சாப்புடறேன்.

லாரி நவுருதுங்க. பாருங்க, பாதிக் கரும்பு ரோட்டுலயே கெடக்குது. மணி என்னங்க உங்க வாட்சுல? பத்து அஞ்சா? மண்டபமா இருந்தா இப்ப நான் ஸ்கேலை எடுத்திருப்பேன். இனி செக்போஸ்ட் போயி, நடந்து, பன்னண்டே முக்கால் ஆயிரும். நான் என்னங்க பண்ண முடியும்? லாரி நம்ம கையிலயா இருக்குது?

அந்தம்மா இன்னைக்கும் மொத வரியை வுட்டுத்தான் வெச்சிருக்கும். அப்பிடி வுடறதுக்கு ரூல்ஸ்ல எடமே இல்லீங்க. ஒவ்வொரு மாசமும் சொல்றேன். சொன்னாக் கேக்கறதில்ல.